வளரும் பிள்ளைக்கு ஏற்ற மோட்டோகிராஸ் வண்டி: முதன்முறை வாங்கும் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

பள்ளிச் சீருடை தைக்கக் கொடுக்கும்போது, "வளர்ற பிள்ளை, கொஞ்சம் தாராளமாவே தைங்க" என்று சொல்லிப் பழகியவர்கள் நாம். அந்தக் கணக்கையே, மேடுபள்ளமான மண் தடத்தில் ஓட்டும் மோட்டோகிராஸ் பைக்குக்கும் போடுவதுதான் இந்த விளையாட்டுக்குப் புதிதாக வரும் குடும்பங்கள் செய்யும் மிகப் பெரிய தவறு. பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு, இரண்டு ஆண்டில் எப்படியும் வளர்ந்துவிடுவான் என்று எண்ணி 250 சிசி வண்டியை வாங்கிக் கொடுத்தால், அந்த இரண்டு ஆண்டும் கால் எட்டாத, கைக்கு அடங்காத ஒரு வண்டியோடு மல்லுக்கட்டுவதிலேயே கழிந்துவிடும். கற்க வேண்டிய வயதில் அவன் கற்றிருக்க மாட்டான், எலும்பு முறிவுக்கும் வாய்ப்பு அதிகம். இன்றைய உடலுக்கும் இன்றைய திறமைக்கும் பொருந்தும் வண்டியை வாங்கி, வளர்ந்ததும் அதை விற்றுவிட்டு அடுத்ததற்கு மாறுவதே சரியான முறை. கீழே வரும் படிகள் அனைத்தும் அந்த அடிப்படையிலேயே சொல்லப்படுகின்றன.

முதல் படி: ஓட்ட இடம் இருக்கிறதா என்று பார்ப்பது

மோட்டோகிராஸ் வண்டி, மூடிய மண் தடத்தில் ஓட்டுவதற்கென்றே செய்யப்படுவது. முகப்பு விளக்கு, இண்டிகேட்டர், ஹாரன், நம்பர் பிளேட் எதுவும் அதில் இருக்காது. அதைப் பதிவு செய்ய வழியில்லாததால், உரிமம் வைத்திருக்கும் அப்பாவே ஓட்டினாலும் பொதுச் சாலையில் இறக்கக் கூடாது. ஊராட்சிச் சாலையும் பொதுச் சாலைதான். பிள்ளை ஓட்டினால் விளைவு இன்னும் கடுமையாக இருக்கும். 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவின்படி, 18 வயது நிறையாதவர் வண்டி ஓட்டிப் பிடிபட்டால் பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் விதிக்கலாம்; அந்தப் பிள்ளை 25 வயது வரை ஓட்டுநர் உரிமம் பெற முடியாது.

ஆகவே வண்டியின் விலையோடு, அதைத் தடத்துக்குக் கொண்டுபோகும் செலவையும் முதலிலேயே கணக்கில் சேர்க்க வேண்டும். குட்டி யானையோ பிக்கப்போ வாடகைக்கு எடுக்க வேண்டும். ஏற்றி இறக்க ஒரு சாய்வுப் பலகையும், ஹேண்டில்பாரை இருபுறமும் இழுத்துக் கட்ட நல்ல பட்டைகளும் தேவை. வண்டி வாங்கும் முன் ஒரு பயிற்சி முகாமில் பிள்ளையைச் சேர்த்துவிடுவது நல்லது. 2015-ல் டக்கார் ராலி என்ற நெடுந்தூரப் பந்தயத்தை முழுமையாக முடித்த முதல் இந்தியரான சி.எஸ். சந்தோஷ் கோலார் அருகே தொடங்கிய பிக் ராக் டர்ட்பார்க் இத்தகைய பயிற்சிக்குப் பெயர் பெற்ற இடம். ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் இருப்பவர்களுக்கு அது தொலைவும் இல்லை. இரண்டு நாள் மண்ணில் விழுந்து எழுந்த பிறகும் பிள்ளைக்கு ஆசை குறையவில்லை என்றால் அடுத்த படிக்குப் போகலாம். போட்டியில் கலந்துகொள்ளும் எண்ணம் இருந்தால், இந்திய மோட்டார் விளையாட்டுக் கழகங்களின் கூட்டமைப்பான எஃப்எம்எஸ்சிஐ வழங்கும் உரிமம் வேண்டும். எந்த வயதுக்கு எந்த சிசி வரை அனுமதி என்பதை அந்த ஆண்டின் விதிப் புத்தகத்தில் பார்த்த பிறகே வண்டியை முடிவு செய்யுங்கள்.

இரண்டாம் படி: பிள்ளையை அளப்பது

"எத்தனை வயது?" என்பதுதான் கடையில் கேட்கப்படும் முதல் கேள்வி. ஆனால் வயது இங்கே அதிகம் உதவாது. எட்டாம் வகுப்பு வரிசையில் ஒரே வயதுப் பிள்ளைகள் நின்றால், 140 செ.மீ. உயரமுள்ளவனும் 170 செ.மீ. உயரமுள்ளவனும் அதில் இருப்பார்கள். நமக்குத் தேவையான அளவுகள் மூன்று: மொத்த உயரம், காலின் உள்ளளவு, எடை.

உள்ளளவை எடுக்க, பிள்ளையை வெறுங்காலோடு சுவரில் சாய்ந்து நிற்கச் சொல்லுங்கள். ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தைத் தொடைகளுக்கு இடையே வைத்து, முதுகுப் பக்கம் சுவரைத் தொடும்படி மேலே ஏற்றி, புத்தகத்தின் மேல் விளிம்பிலிருந்து தரை வரை அளக்க வேண்டும். 150 செ.மீ. உயரமுள்ள பிள்ளைக்கு இது ஏறத்தாழ 70 செ.மீ. வரும். எடையை, ஹெல்மெட், பூட்ஸ், மார்புக் கவசம் அனைத்தும் அணிந்த நிலையில் பார்ப்பது சிறந்தது. கவசங்கள் மட்டுமே ஏழெட்டு கிலோ வரும் என்பதால், 40 கிலோ பிள்ளைக்கு அது சிறிய வேறுபாடு அல்ல.

இந்த மூன்று அளவுகளும் சொல்லாத ஒன்று உண்டு. பெண் பிள்ளைகள் பொதுவாகப் பதினொன்று, பன்னிரண்டு வயதிலும், ஆண் பிள்ளைகள் பதின்மூன்று, பதினான்கு வயதிலும் மிக வேகமாக உயர்கிறார்கள். ஓர் ஆண்டில் எட்டு முதல் பத்து செ.மீ. வரை ஏறிவிடும். அந்த உயரத்தைத் தாங்கும் தசைப்பலம் உடனே வருவதில்லை. பல மாதங்கள், சிலருக்கு ஓர் ஆண்டு கழித்துத்தான் வந்து சேர்கிறது. கை கால்கள் முதலில் நீள்கின்றன, இடுப்புக்கு மேல் உடல் பிறகு நீள்கிறது. எலும்பு முனைகளிலுள்ள வளர்ச்சித் தட்டுகள் அந்தக் காலத்தில் மென்மையாகவே இருக்கும். மணிக்கட்டு முறிவுகள் அந்த வயதில் அதிகம் காணப்படுவதற்கு அதுவும் ஒரு காரணம். எனவே கோடை விடுமுறையில் திடீரென்று நெடுநெடுவென வளர்ந்து நிற்கும் பிள்ளையைப் பார்த்து, "இனி இவனுக்குப் பெரிய வண்டிதான்" என்று முடிவு செய்வதைவிட, இருக்கும் வண்டியிலேயே இன்னும் ஆறு மாதம் ஓட்டவிடுவது பெரும்பாலும் சரியான முடிவாக இருக்கும்.

மூன்றாம் படி: எந்த அளவு வண்டி

மோட்டோகிராஸ் வண்டிகள் 50, 65, 85, 125, 250, 450 சிசி என்று படிப்படியாக ஏறுகின்றன. உலக மோட்டார் சைக்கிள் விளையாட்டுக் கூட்டமைப்பான எஃப்ஐஎம் நடத்தும் இளையோர் உலகச் சாம்பியன்ஷிப்பே 65, 85, 125 என்ற மூன்று பிரிவுகளில்தான் நடக்கிறது. உலகிலேயே திறமை மிக்க பிள்ளைகளும் இந்தப் படிக்கட்டு வழியாகத்தான் ஏறுகிறார்கள் என்பதை, நேரே 250-க்குத் தாவ நினைக்கும் பெற்றோர் மனத்தில் கொள்ள வேண்டும்.

சிசி-யைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டியவை இருக்கை உயரம், எடை, சக்கர அளவு ஆகியவை. கவாஸாகி கேஎக்ஸ் 65-இன் இருக்கை உயரம் 760 மி.மீ., எடை 60 கிலோ. 85 சிசி பிரிவில் பல நிறுவனங்கள் இரண்டு சக்கர அளவுகளில் வண்டி செய்கின்றன. முன்சக்கரம் 17 அங்குலமும் பின்சக்கரம் 14 அங்குலமும் கொண்டது சிறிய சக்கர வண்டி. 19-க்கு 16 என்றால் பெரிய சக்கர வண்டி. எஞ்சின் ஏறத்தாழ ஒன்றுதான் என்றாலும் பெரிய சக்கர வண்டி உயரமாக இருக்கும், பள்ளங்களில் நிலையாக ஓடும். கவாஸாகி கேஎக்ஸ் 112, இந்த 19-க்கு 16 சக்கரங்களோடு, 870 மி.மீ. இருக்கை உயரமும் 77 கிலோ எடையும் கொண்டது. 85-க்கும் 125-க்கும் நடுவே நிற்கும் பிள்ளைக்கு மிகவும் பொருத்தமானது. கேடிஎம் 85 எஸ்எக்ஸ் இதே வட்டத்தில் வருவது. 2024 நவம்பரில் இந்தியாவில் அறிமுகமானபோது அதன் விலை ஆறரை லட்சத்துக்கு மேல். கேஎக்ஸ் 112 அதைவிடக் கணிசமாகக் குறைந்த விலையில், ஐந்து லட்சத்தையொட்டி விற்கப்பட்டது.

125 சிசி-யிலிருந்து முழு அளவு வண்டிகள் தொடங்குகின்றன. முன்சக்கரம் 21 அங்குலம், இருக்கை உயரம் 940 மி.மீ.-க்கு மேல், டூ ஸ்ட்ரோக் (பெட்ரோலோடு ஆயில் கலந்து ஓடும் எஞ்சின்) 125-இன் எடை 95 கிலோ அளவில். 250 ஃபோர் ஸ்ட்ரோக் (இன்றைய சாலை பைக்குகளில் இருப்பது போன்ற எஞ்சின்) வண்டி அதைவிடப் பத்து கிலோ அதிகம் இருக்கும், ஆற்றலும் கூடும். 450 பற்றி இங்கே பேசவே தேவையில்லை. அது பெரியவர்களிலும் அனுபவசாலிகளுக்கு உரியது.

தோராயமான ஒரு கணக்கு சொல்ல வேண்டுமானால், 140 செ.மீ.-க்குக் கீழ் 65 சிசி, 140 முதல் 153 வரை சிறிய சக்கர 85, 150 முதல் 168 வரை பெரிய சக்கர 85 அல்லது 112 என்று கொள்ளலாம். 125-க்குப் போக 163 செ.மீ. உயரமும் குறைந்தது 50 கிலோ எடையும் இருப்பதோடு, அதற்கு முந்தைய வண்டியில் நன்றாகத் தேர்ந்திருக்கவும் வேண்டும். எல்லைகள் ஒன்றன்மேல் ஒன்று படிவதைக் கவனியுங்கள். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் பிள்ளை புதியவன் என்றால் சிறியதையும், அனுபவம் உள்ளவன் என்றால் பெரியதையும் எடுக்க வேண்டும்.

பலர் கேட்கும் ஒரு மாற்று வழியையும் இங்கே சொல்லிவிட வேண்டும். விலை குறைவு, உதிரிபாகம் எங்கும் கிடைக்கும் என்ற காரணத்தால் ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 போன்ற சாலை வண்டியைப் பிள்ளைக்கு மண் தடத்துக்கென்று வாங்குபவர்கள் உண்டு. அது நல்ல வண்டிதான். ஆனால் ஏறத்தாழ 160 கிலோ எடையுள்ளது, அதாவது கேஎக்ஸ் 112-ஐப் போல இரண்டு மடங்கு. 45 கிலோ பிள்ளை சரிவில் அதைக் கீழே போட்டுவிட்டால் தனியாகத் தூக்கி நிறுத்த முடியாது. அவன் கால்மேல் விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பதினெட்டு வயது நிறைந்த பிறகு அதைப் பற்றி யோசிக்கலாம்.

நான்காம் படி: டூ ஸ்ட்ரோக்கா, ஃபோர் ஸ்ட்ரோக்கா

இதுவரை எந்த கியர் வண்டியும் ஓட்டிராத பிள்ளைக்கு, போட்டிக்கான 85 டூ ஸ்ட்ரோக் வண்டி முதல் வண்டியாக இருக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அந்த எஞ்சின் கீழ்வேகத்தில் சோம்பியிருந்து, சுழற்சி ஒரு கட்டத்தைத் தாண்டியதும் சட்டென்று மொத்த ஆற்றலையும் கொட்டும். கிளட்ச் பழகாத கை அந்த நொடியில் ஆக்சிலேட்டரை இன்னும் இறுக்கிப் பிடித்துத் திருகிவிடும். கவாஸாகி கேஎல்எக்ஸ் 140, வெளிநாடுகளில் ஹோண்டா சிஆர்எஃப் 125எஃப், யமஹா டிடி-ஆர் 125 போன்ற காற்றால் குளிரும் ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிகள் இதற்கு நேரெதிர். இழுவை சீராக வரும், பட்டன் ஸ்டார்ட் உண்டு, பராமரிப்பு குறைவு. முதல் ஆறு மாதம் முதல் ஓர் ஆண்டு வரை அவற்றில் கிளட்ச், கியர், பிரேக், நின்று ஓட்டும் முறை ஆகியவற்றைப் பழகலாம். ஆனால் அவற்றின் சஸ்பென்ஷன் (குலுக்கலைத் தாங்கும் ஸ்பிரிங் அமைப்பு) மென்மையானது. பெரிய மேடுகளிலிருந்து பறந்து இறங்குவதற்கானது அல்ல. பிள்ளை மேடுகளில் பறக்கத் தொடங்கிவிட்டால், வண்டி மாற்றும் காலம் வந்துவிட்டது என்று பொருள்.

அந்தக் கட்டத்தைத் தாண்டிய பிள்ளைக்கு டூ ஸ்ட்ரோக் 85, 112, 125 ஆகியவையே சிறந்த ஆசிரியர்கள். எடை குறைவு, எஞ்சினைச் சரியான கியரில், சரியான சுழற்சியில் வைத்திருந்தால்தான் வேகம் கிடைக்கும் என்பதால் ஓட்டும் நுட்பம் தானாகவே கூர்மையாகும். பிஸ்டனும் ரிங்கும் அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கும் என்பது உண்மை. கடுமையாக ஓட்டப்படும் 85-க்கு சுமார் 20 முதல் 30 மணி நேர ஓட்டத்துக்கு ஒரு முறை என்று கணக்கு வைக்கலாம். ஆனால் அந்த வேலை எளிது. டூ ஸ்ட்ரோக் காலத்து மெக்கானிக் யாராவது ஊரில் இருந்தால் ஒரே நாளில் முடித்துவிடுவார். 250 ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின் நீண்ட நாள் தாங்கும், ஆனால் வால்வு தேய்ந்தோ பிஸ்டன் உடைந்தோ போனால் வரும் செலவு வேறு அளவில் இருக்கும்.

டூ ஸ்ட்ரோக் வாங்குபவர்கள் பெட்ரோலில் ஆயில் கலக்கும் அளவைப் பிள்ளைக்கே கற்றுக்கொடுத்துவிட வேண்டும். 32-க்கு 1 என்றால் ஒரு லிட்டருக்கு 31 மி.லி., 40-க்கு 1 என்றால் 25 மி.லி.; எது என்பதை வண்டியின் கையேடுதான் முடிவு செய்யும். இப்போது பங்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்திருப்பதால், அது காற்றின் ஈரத்தை இழுக்கும். தேர்வுக் காலத்தில் இரண்டு மாதம் வண்டியை எடுக்கப்போவதில்லை என்றால், டேங்கையும் கார்புரேட்டர் கிண்ணத்தையும் காலி செய்துவிட்டு நிறுத்துங்கள்.

ஐந்தாம் படி: உட்காரவைத்துப் பார்ப்பது

கடைக்கோ விற்பவர் வீட்டுக்கோ போகும்போது பிள்ளையையும் அவன் அணியப்போகும் பூட்ஸையும் உடன் அழைத்துப் போங்கள். செருப்புக் காலோடு ஏறிப் பார்ப்பதில் பயனில்லை. பட்டியலில் இருக்கும் இருக்கை உயரம் காலின் உள்ளளவைவிட அதிகம் என்பதைப் பார்த்து மட்டும் பயந்துவிடவும் கூடாது, ஏனென்றால் பிள்ளை ஏறியதும் சஸ்பென்ஷன் பல செ.மீ. கீழே இறங்கும். ஏறிய பின், இரண்டு பாதங்களின் முன்பகுதியும் தரையில் பட்டால் புதியவனுக்குச் சரி. இருக்கையில் சற்று ஒருபக்கம் நகர்ந்து ஒரு பாதத்தை முழுதாக ஊன்ற முடிந்தால், ஓரளவு பழகியவனுக்கு அது போதும். இரண்டு பாதமும் முழுதாகப் பதிந்து முழங்கால் நன்றாக மடங்குகிறது என்றால், அந்த வண்டி சீக்கிரமே சிறியதாகிவிடும்.

அடுத்து, நீங்கள் முன்சக்கரத்தைக் கால்களுக்கிடையே பிடித்துக்கொண்டு, பிள்ளையை ஃபுட்ரெஸ்ட் மேல் எழுந்து நிற்கச் சொல்லுங்கள். முழங்கால் லேசாக மடங்கி, முழங்கைகள் வெளிப்பக்கம் உயர்ந்து, பார்வை நேராக இருக்க வேண்டும். ஹேண்டில்பாரைப் பிடிக்க முதுகைக் கூன வேண்டியிருந்தால் வண்டி சிறியது. முன்னால் எட்டிப் பிடிக்கக் கை முழுதும் நீண்டுவிட்டால் பெரியது. பிறகு உட்கார்ந்து, டேங்க் அருகே நகர்ந்து, ஹேண்டிலை இரு பக்கமும் கடைசி வரை திருப்பச் சொல்லுங்கள். முழங்காலில் ஹேண்டில் இடிக்கக் கூடாது. கிளட்ச், பிரேக் லிவர்களை ஆள்காட்டி விரலின் முதல் மூட்டால் பிடிக்க முடிகிறதா என்று பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் லிவரைக் கைப்பக்கம் நெருக்கிவைக்க ஒரு ஸ்க்ரூ இருக்கும்.

கடைசியாக இரண்டு சோதனைகள். வண்டியைத் தரையில் மெதுவாகச் சாய்த்துப் படுக்கவைத்து, யாருடைய உதவியும் இல்லாமல் பிள்ளை தூக்கி நிறுத்தட்டும். பிறகு அவனே கிக்கரை உதைத்து எஞ்சினை உயிர்ப்பிக்கட்டும். 85, 112 வண்டிகளில் பெரும்பாலும் கிக்கர் மட்டுமே உண்டு. தடத்தின் நடுவில் அணைந்துபோன வண்டியைத் தானே எடுக்க முடியாத பிள்ளை, வரும் வண்டிகளின் பாதையில் நின்றுகொண்டிருப்பான். இந்த இரண்டில் ஒன்றில் தோற்றாலும் ஒரு படி இறங்கிவிடுங்கள். பிள்ளை முகம் வாடினாலும் பரவாயில்லை.

ஆறாம் படி: புதியதா, பழையதா

ஓரிரு ஆண்டுகளில் மாற்றப்போகும் வண்டி என்பதால், நல்ல நிலையிலுள்ள பழைய வண்டி பெரும்பாலோருக்குப் போதும். ஆனால் மோட்டோகிராஸ் வண்டியில் ஓடோமீட்டர் இருக்காது. மணிக்கணக்கு மீட்டர் பொருத்தியிருந்தால் நல்லது; இல்லையென்றால் வண்டியின் உறுப்புகளைத்தான் விசாரிக்க வேண்டும்.

போகும் முன் விற்பவரிடம், "நான் வரும் வரை வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள். போனவுடன் எஞ்சினில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த நிலையில் எளிதில் ஸ்டார்ட் ஆகாத வண்டி என்று சந்தேகப்படுவதற்கு இடமுண்டு. ஃபோர் ஸ்ட்ரோக் என்றால், நன்றாக ஓடிச் சூடான பிறகு அணைத்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்து பார்க்கவும் வேண்டும். அப்போது முரண்டு பிடித்தால் வால்வு இடைவெளி குறைந்திருக்கக்கூடும்.

ஏர் ஃபில்டர் மூடியைக் கழற்றிப் பாருங்கள். என்னைப் பொறுத்தவரை மொத்த வண்டியின் கதையையும் சொல்லிவிடும் இடம் அதுதான். ஃபில்டர் ஸ்பாஞ்சில் பிசுபிசுப்பான ஃபில்டர் ஆயில் இருந்து, அதைத் தாண்டி உள்பக்கக் குழாயில் விரலை விட்டுத் துடைத்தால் விரல் சுத்தமாக வர வேண்டும். நெருநெருவென்று மண் ஒட்டினால், அந்த மண் பிஸ்டன் வரை போயிருக்கிறது என்று பொருள். விலையைக் குறைத்துக் கேட்பதைவிட அங்கிருந்து கிளம்பிவிடுவது மேல். பிறகு வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, பின்சக்கரத்தை மேலும் கீழுமாகத் தூக்கிப் பாருங்கள். டக் டக் என்று ஆட்டம் தெரிந்தால் லிங்கேஜ் (பின் ஷாக்கைச் சக்கரப் பகுதியோடு இணைக்கும் இணைப்பு) அல்லது ஸ்விங் ஆர்ம் (பின்சக்கரத்தைத் தாங்கும் கை) பேரிங் போயிருக்கிறது. சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டினால் சக்கர பேரிங் தெரியும். முன்சக்கரத்தை உயர்த்தி ஹேண்டிலை மெதுவாகத் திருப்பும்போது நடுவில் பள்ளத்தில் விழுவதுபோல் நின்றால், ஸ்டியரிங் பேரிங் மாற்ற வேண்டும். முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் குழாயில் எண்ணெய்க் கசிவு, வளைந்த ரேடியேட்டர், தளர்ந்த ஸ்போக்ஸ், கொக்கிபோல் தேய்ந்த ஸ்ப்ராக்கெட் பற்கள் ஆகியவை சரிசெய்யக்கூடியவை, அதற்கான தொகையை விலையில் கழிக்கலாம். ஃபுட்ரெஸ்ட் அருகே ஃபிரேமில் விரிசலோ, வெல்டிங் வைத்து மேலே பெயின்ட் அடித்த தடமோ தெரிந்தால் அந்த வண்டி வேண்டாம்.

இந்த வண்டிகளுக்கு ஆர்சி புத்தகம் கிடையாது என்பதால் முதல் ரசீதுதான் ஆவணம். ரசீதிலுள்ள எஞ்சின் எண்ணும் ஃபிரேம் எண்ணும் வண்டியில் இருப்பவற்றோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். இறக்குமதி வண்டி என்றால் சுங்க வரி கட்டிய காகிதங்களையும் கேட்டு வாங்குங்கள். "அதெல்லாம் எங்கேயோ இருக்கு, அப்புறம் தர்றேன்" என்பதை ஏற்க வேண்டாம்.

ஏழாம் படி: வண்டியைப் பிள்ளைக்குப் பொருத்துவது

வளரும் பிள்ளையைப் பொறுத்தவரை மிக முக்கியமானதும், மிகக் குறைவானவர்கள் செய்வதும் இந்த வேலைதான். சஸ்பென்ஷன் ஸ்பிரிங் ஒரு குறிப்பிட்ட எடையை மனத்தில் வைத்தே தொழிற்சாலையில் பொருத்தப்படுகிறது. முழு அளவு 125 வண்டிகளில் அது பொதுவாக 65 முதல் 75 கிலோ வரை எடையுள்ளவருக்கானது. 50 கிலோ பிள்ளை ஏறினால் அந்த ஸ்பிரிங் அமுங்காமல் நிற்கும், வண்டி பள்ளத்துக்குப் பள்ளம் துள்ளும். பிள்ளைக்கு ஓட்டத் தெரியவில்லை என்று பயிற்சியாளர்கூடத் தவறாக நினைக்கக்கூடும்.

இதை அளப்பதற்கு ஒரு டேப் போதும், இரண்டு பெரியவர்கள் வேண்டும். பின்சக்கரம் தரையில் படாதபடி வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, பின் ஆக்சிலின் நடுவிலிருந்து நேர் மேலே மட்கார்டில் ஒரு புள்ளி குறித்து, இடைத்தூரத்தை அளக்கவும். எடுத்துக்காட்டாக 560 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். பிறகு வண்டியைத் தரையில் இறக்கி, யாரும் ஏறாமல் அளக்கவும். 530 வந்தால் தன் எடையில் 30 மி.மீ. இறங்கியிருக்கிறது. அடுத்து, பிள்ளை எல்லாக் கவசங்களோடும் ஏறி ஃபுட்ரெஸ்டில் கால் வைத்து நடுவில் இருக்க, ஒருவர் முன்னால் பிடித்துக்கொள்ள, மற்றவர் அளக்க வேண்டும். 465 வந்தால் மொத்த இறக்கம் 95 மி.மீ. சஸ்பென்ஷன் முழுதாக அமுங்கும் தூரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இறங்குவது சரி. 85 பிரிவுக்கு 90 முதல் 95, முழு அளவு வண்டிக்கு 100 முதல் 105 மி.மீ. என்பது நல்ல இலக்கு. அதிகம் இறங்கினால் பின் ஷாக்கின் மேலுள்ள வளையத்தை இறுக்க வேண்டும், குறைவாக இறங்கினால் தளர்த்த வேண்டும்.

இந்த இறக்கத்தைச் சரிசெய்த பின், ஆள் ஏறாத இறக்கத்தை மறுபடி அளந்தால்தான் ஸ்பிரிங் பொருத்தமானதா என்று தெரியும். அது 30 முதல் 40-க்குள் இருந்தால் ஸ்பிரிங் சரி. பத்து, பதினைந்து மி.மீ.தான் இறங்குகிறது என்றால், மென்மையான ஸ்பிரிங்கை அளவுக்கு மீறி இறுக்கியிருக்கிறீர்கள். பிள்ளை கனத்துவிட்டான், அடுத்த கடினத்தில் ஒரு ஸ்பிரிங் வாங்க வேண்டும். 40-ஐ வெகுவாகத் தாண்டினால் ஸ்பிரிங் அவனுக்குக் கடினமானது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை இதை அளந்து ஒரு நோட்டில் எழுதிவாருங்கள்; வளரும் வயதில் எண்கள் மாறிக்கொண்டே இருக்கும்.

உயரத்தையும் ஓரளவு சரிசெய்யலாம். இருக்கை ஸ்பாஞ்சை இரண்டு செ.மீ. செதுக்கினால் குட்டையான பிள்ளைக்குக் கால் எட்டும். பிறகு வளர்ந்ததும் புது ஸ்பாஞ்ச் போட்டுக்கொள்ளலாம். லிங்கேஜை மாற்றிப் பின்பக்கத்தைத் தாழ்த்துபவர்கள், முன் ஃபோர்க்கையும் அதைப் பிடித்திருக்கும் கிளாம்பில் மேலே ஏற்றி அதே அளவுக்கு முன்பக்கத்தையும் தாழ்த்த வேண்டும். இல்லாவிட்டால் வளைவுகளில் வண்டி திரும்ப மறுக்கும். உயர்ந்துவிட்ட பிள்ளைக்கு, ஹேண்டில்பாரை முன்னோக்கி நகர்த்துவதும் சற்று உயரமான ஹேண்டில் போடுவதும், அதே வண்டியில் இன்னும் ஒரு பருவம் ஓட்ட உதவும்.

எட்டாம் படி: கவசங்கள்

மொத்தத் தொகையில் கவசங்களுக்கான பணத்தை முதலில் எடுத்து வைத்துவிட்டு, மீதியில் வண்டியைத் தேடுங்கள். ஹெல்மெட், கண்ணாடி, கழுத்துப் பட்டை, மார்பும் முதுகும் மூடும் கவசம், முழங்கை, முழங்கால் கவசங்கள், மோட்டோகிராஸ் பூட்ஸ், கையுறை ஆகிய அனைத்தும் முதல் நாளிலிருந்தே வேண்டும். இவற்றிலும் "வளர்ற பிள்ளை" கணக்கு கூடாது. தளர்வான ஹெல்மெட் விழும்போது கழன்றோ திரும்பியோ போகும். அணிந்து பட்டையை மாட்டிய பின் அதை அசைத்தால் கன்னத்துத் தோலும் சேர்ந்து அசைய வேண்டும். தலையின் வளர்ச்சி பன்னிரண்டு வயதுக்குள் பெரும்பாலும் முடிந்துவிடுவதால், நல்ல ஹெல்மெட்டுக்குச் செலவிடத் தயங்க வேண்டியதில்லை. ஆனால் பலத்த அடி வாங்கிய ஹெல்மெட்டை மறுபடி அணியக் கூடாது. பூட்ஸ் அப்படியல்ல, ஆண்டுக்கு ஒரு முறை மாற்ற வேண்டியிருக்கலாம். இரண்டு அளவு பெரிதாக எடுத்தால் அதன் முனை கியர் லிவருக்கு அடியில் சிக்கிக்கொள்ளும். தடத்தில் பழகும் மற்றக் குடும்பங்களோடு பேசி, ஒரு பிள்ளைக்குச் சிறியதானதை அடுத்த பிள்ளைக்கு வாங்கிக்கொள்வது நல்ல வழி.

ஒன்பதாம் படி: எப்போது மாற்றுவது

உடலும் திறமையும் இரண்டும் கேட்கும்போதுதான் மாற்ற வேண்டும். திருப்பங்களில் முழங்கால் ஹேண்டிலில் இடிப்பது, கடினமான ஸ்பிரிங் போட்ட பிறகும் சாதாரண மேடுகளில் சஸ்பென்ஷன் அடிவரை தட்டுவது, நின்று ஓட்டும்போது முதுகு கூனுவது ஆகியவை உடல் சொல்லும் அறிகுறிகள். திறமையின் அறிகுறியைப் பார்க்கத் தடத்தின் ஓரத்தில் நின்று காது கொடுக்க வேண்டும். எஞ்சின் ஒலி நேர்ப்பாதை முழுதும் உச்சத்தில் இருந்து, வளைவுக்கு முன் ஒரே சீராக இறங்கி, மறுபடி தயங்காமல் ஏறினால், அந்த வண்டி தரக்கூடியதை எல்லாம் பிள்ளை எடுத்துக்கொண்டுவிட்டான். ஒலி நடுநடுவே விட்டுவிட்டு வந்தால், உயரம் எவ்வளவு ஏறியிருந்தாலும் அவனுக்கு அதே வண்டியில் கற்க இன்னும் இருக்கிறது.

மாற்றுவதென்று முடிவானதும், பழைய வண்டியை அடுத்த பருவம் தொடங்குவதற்கு முன்பே விற்பனைக்கு வையுங்கள். அப்போதுதான் வாங்குவோர் அதிகம் தேடுவார்கள். ரசீது, கையேடு, பிஸ்டன் மாற்றிய தேதிகள், ஓடிய மணிக்கணக்கு, ஸ்பிரிங் அளவுகள் எழுதிய நோட்டு ஆகியவற்றோடு, கழற்றி வைத்த பழைய ஸ்பிரிங்கையும் சேர்த்துக் கொடுத்தால் நல்ல விலை கிடைக்கும். வாங்கும் பிள்ளை உங்கள் பிள்ளையைவிட எடை குறைந்தவனாகத்தான் பெரும்பாலும் இருப்பான். அந்தப் பழைய ஸ்பிரிங் அவனுக்கு முதல் நாளே தேவைப்படும்.